நாற்பது கிராம்

ஒரு மணி நேரத்துக்கு நாற்பது கிராம்.
அதற்கு மேல் விரட்டினால் கல் சூடாகும்,
பச்சை பழுப்பேறும்,
இசோகாய் உதட்டைப் பிதுக்குவார்.

நிஷியோவின் கடைசிப் பேருந்து நிறுத்தம் தாண்டி
ஜன்னல் வைக்காத அறை.
நூற்றுப் பன்னிரண்டு திரிகைகள்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல்
பக்கம் பக்கமாய் இருந்து தன்பாட்டுக்குச் சுற்றுகின்றன.
வெளியே மழை என்பதைத் தகரம்தான் சொல்லும்.

இரவு முறை என்னுடையது.
பத்து மணிக்குக் கறுப்புப் புருவத்தோடு உள்ளே போகிறவள்
ஆறு மணிக்குப் பாசி படர்ந்து வெளியே வருகிறேன்.
முகமூடியைத் தாண்டி மூக்குக்குள்,
காதுமடலில், கடிகாரப் பட்டையின் துளைகளில்,
ஒருமுறை கண்ணீரில்கூட. அது வேறு கதை.
நான் குளித்த தண்ணீரை அடைத்து விற்றால்
அதற்கும் ஒரு லேபிள் இருக்கும்.

டப்பாக்கள் இரண்டு வகை.
கொக்கு போட்டது சடங்குத் தரம்:
முதல் பறிப்பு, நிழலில் வளர்ந்த தளிர்,
முழங்கால் மடக்கி உட்காருகிறவர்களுக்கு.
நீலக் கோடு போட்டது லாட்டேக்கு, தினசரிக்கு:
வெயில் கொஞ்சம் தின்ற இலை,
நின்றபடி குடிக்கிறவர்களுக்கு, ஓடியபடி,
ஒரு கையில் ஸ்ட்ராவும் மறுகையில் போனுமாக.

ஜூனில் ஓர் இரவு
லேபிள் சுருளை மாற்றி மாட்டிவிட்டேன்.
அறுநூறு டப்பா.
நாலு இருபதுக்குத்தான் கண்ணில் பட்டது,
கொக்கு
பறக்கக் கூடாத பக்கம் பறந்துகொண்டிருந்தது.
இசோகாய் போனை எடுக்கவில்லை.
ஐந்து மணிக்கு லாரி பின்பக்கமாக வந்து பீப் பீப் என்றது.
பாதி நகோயா துறைமுகத்துக்கு, பாதி கனாசவாவுக்கு.
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
அறுநூறும் ஏறிப் போயின.

பிறகு மூன்று மாதம்
ஒவ்வொரு தபாலும் என் நெஞ்சில்தான் முத்திரை குத்திற்று.

வந்தது ஒரே கடிதம்.
ஹாலிஃபாக்ஸ் என்ற ஊர், கடலோரம், ஒரு காபிக்கடை:
"இந்த முறை நிறம் அழகு, மணம் அழகு,
ஆனால் பாலுக்குள் போனதும் ஆளையே காணோம்.
பழைய முரட்டுத் தூளையே அனுப்புங்கள்."

கனாசவாவின் தேநீர் அறைகளிலிருந்து
ஒரு வரி இல்லை.
கசந்திருக்கும். கட்டாயம் கசந்திருக்கும்.
ஆனால் அங்கே
கிண்ணத்தைத் திருப்பிக் குடிப்பார்கள்,
முகத்தைத் திருப்ப மாட்டார்கள்.
குஸே அம்மையார் மூன்றாவது மிடறில்
ஒரு நொடி நின்றிருப்பார்.
மாடத்துப் பூவைப் பார்த்து
"இந்த வருஷம் மழை அதிகமோ" என்றிருப்பார்.
விருந்தினர் நால்வரும்
மழையைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருப்பார்கள்.

இசோகாய் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.
"சிகுஸா-சான், உனக்கு ஏதாவது தெரியுமா?"
அவர் கையில் தானியங்கி எந்திரத்தின் டப்பா காபி.
பதினெட்டு வருடமாக அதைத்தான் குடிக்கிறார்.
சொன்னேன். எல்லாவற்றையும்,
நாலு இருபது உட்பட.
காபியைக் கடிதத்தின் மேல் வைத்தார்.
எடுத்தபோது ஒரு பழுப்பு வட்டம்.
"அப்படியென்றால் விலை..." என்று தொடங்கி
முடிக்காமல் திரிகைகளைப் பார்க்கப் போனார்.

இப்போது காலை ஆறே முக்கால்.
நசுங்கிப்போய் ஊழியர் விலைக்குக் கிடைத்த டப்பா,
அதில் கொக்கும் உண்டு, நீலக் கோடும் உண்டு,
எந்திரம் திணறிய இரவில் ஒன்றன்மேல் ஒன்று.
மூங்கில் கடைகோல் என்னிடம் இல்லை.
ஜாம் புட்டியில் தூள், பால், இரண்டு ஐஸ் கட்டி,
மூடியை இறுக்கிக் குலுக்குகிறேன்.
கீழ்வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்.
வாஷிங் மெஷினில் என் சட்டை
பச்சையாய்ப் புரண்டுகொண்டிருக்கிறது.

ஒரு கல் மூன்று நிமிடம் சுற்றித் தந்த
இரண்டு கிராம்
தொண்டையில் இறங்குகிறது.
கசக்கிறது, நன்றாகவே கசக்கிறது.
மேலுதட்டில் பச்சை மீசை.
துடைக்கவில்லை.
புருவத்துக்குப் பொருத்தமாக
இருந்துவிட்டுப் போகட்டும்.